அரண்மனைக்காரன் தெரு சொல்லும் பாடம்

(மொழி, இலக்கியம், நாட்டு நடப்பு பற்றிய மாதாந்தப் பொதுச் சொற்பொழிவுத் தொடரைக் கிளிநொச்சியில் தொடக்கி வைத்து ஆற்றிய உரை)



மாதம் ஒரு முறை இவ்வாறு கூடிப் பொதுச் சொற்பொழிவு ஒன்றும் பயிற்சி வகுப்பு ஒன்றும் நடத்துவது என்று முடிவு செய்து, அதன் முதற் கூட்டத்திற்கு வந்திருக்கிறோம். முதற் கூட்டத்தின் பொருள் ஆர்மீனியர் என்று அறிவித்ததும், "எம்மவர் கதையே எத்தனையோ கிடக்க, எங்கோ மலைநாட்டில் வாழும் மக்களின் மொழியைப் பற்றி வன்னியிலே பேசுவானேன்?" என்று நண்பர் சிலர் கேட்டனர். கேட்கத் தகுந்த கேள்விதான். அதற்கு விடையாகவே இவ்வுரை முழுவதும் அமையும்.

தமிழின் தொன்மையையும் இனிமையையும் புகழும் சொற்பொழிவுகள் நமக்குப் புதியனவல்ல. கேட்டோம், மகிழ்ந்தோம், கைதட்டினோம். வீடு திரும்பியதும் அலுவலகம் ஒன்றிலிருந்து நமக்குப் புரியாத மொழியில் ஒரு கடிதம் வந்து கிடக்கும். அதைப் படித்துச் சொல்ல ஒருவரைத் தேடி மூன்று கட்டை தூரம் சைக்கிளில் போவோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்தும் அன்றோ? தம் மொழியைக் கறிக்கு உதவும் சுரைக்காயாக்க முயன்ற மக்கள் சிலர் 250 ஆண்டுகளுக்கு முன்னர் தமிழ் மண்ணிலேயே வாழ்ந்தனர். அவர்கள் வென்றதும் உண்டு, தோற்றதும் உண்டு. இரண்டுமே நமக்குப் பாடம்.

சென்னையில் ஒரு தெரு

சென்னையில், உயர் நீதிமன்றத்துக்கு அணித்தாக, ஜார்ஜ் டவுனிலே ஒரு தெரு இருக்கிறது. அதனை மக்கள் அரண்மனைக்காரன் தெரு என்பர். அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை. ஆர்மீனியன் தெரு என்பதே நாவில் திரிந்து அரண்மனைக்காரன் தெரு ஆயிற்று. அத்தெருவில் ஆர்மீனியர் கட்டிய தேவாலயம் ஒன்று இன்றும் நிற்கிறது. 1772ஆம் ஆண்டு கட்டியது. அதன் முற்றத்திலே பதித்த கல்லறைக் கற்களில் ஆர்மீனிய எழுத்துகளைக் காணலாம். அவற்றைப் படித்து அழுவதற்குச் சென்னையில் ஆர்மீனியக் குடும்பங்கள் இன்று இல்லை என்றே சொல்லலாம். கோயிலைப் பராமரிப்பவர்களும் கல்கத்தாவிலுள்ள ஆர்மீனியச் சபையாரே.

யார் இவர்கள்? கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட மலைநாட்டினர். கி.பி. 405ஆம் ஆண்டளவில் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்னும் துறவி இவர்களுடைய மொழிக்கு 36 எழுத்துகளை வகுத்தார். அவ்வெழுத்தே இவர்களுக்குக் கோட்டையாயிற்று. அரசுகள் வீழ்ந்தன, பாரசீகமும் துருக்கியும் நாட்டைப் பங்கிட்டன, எழுத்து வீழவில்லை. 1604ஆம் ஆண்டில் பாரசீக மன்னன் ஷா அப்பாஸ் படையெடுத்து வந்து, ஜுல்பா என்னும் ஊரிலிருந்த ஆர்மீனியரை வேரோடு பெயர்த்து இஸ்பகான் நகரருகே குடியேற்றினான். பெயர்க்கப்பட்டவர்கள் அங்கே புதிய ஜுல்பா என்னும் ஊரைக் கண்டு, பட்டு வணிகம் செய்து, கடல் கடந்து சென்னை வரை வந்தனர். அவர்களுள் ஒருவரான பெட்ரோஸ் உஸ்கான் 1726இல் தம் சொந்தப் பணத்தில் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டினார். அவ்விடத்தே இன்று நிற்கும் புதிய பாலம் மறைமலையடிகள் பெயரைத் தாங்கியுள்ளது. அந்நியர் ஒருவர் நம் மக்களுக்கு அளித்த பாலத்தின் இடத்திலே தனித்தமிழ் கண்டவர் பெயர் நிற்பது பொருத்தமே.

இல்லாத நாட்டுக்கு ஒரு சட்டம்

சட்டம் பயின்ற எம்மை ஆர்மீனியரிடம் முதலில் ஈர்த்தது இந்த நிகழ்ச்சியே. ஷாஹமீர் ஷாஹமீரியன் என்னும் வணிகர் 1770களின் தொடக்கத்தில் சென்னையில் ஆர்மீனிய அச்சகம் ஒன்றை நிறுவினார். 1772இல், மோவ்சேஸ் பக்ராமியன் என்பாரின் நூலொன்று அங்கே அச்சாயிற்று. உறங்கும் ஆர்மீனிய இளைஞரைத் தட்டி எழுப்பும் நூல் அது. அதைக் கண்டு அஞ்சிய அவர்களுடைய சமயத் தலைமை அந்நூலை அழிக்குமாறு பணித்தது. இருந்தும் வணிகர் சோர்ந்தாரில்லை. அடுத்து அவர் அச்சிட்டது ஓர் அரசியலமைப்புச் சட்டம்! 521 உறுப்புகள் கொண்டது. முகப்பிலே 1773 என்று பொறித்திருக்கிறது. அச்சு முற்றுப்பெற்றது பல ஆண்டு பிந்தியே என்று ஆராய்ச்சியாளர் சிலர் கூறுவர்.

எந்த நாட்டுக்கான சட்டம்? அன்று உலகப் படத்தில் ஆர்மீனியா என்றொரு அரசு இல்லை. இல்லாத நாட்டுக்கு, பல்லாயிரம் கட்டை தூரத்திலே, கறுப்பர் நகரத்துத் தெருவொன்றிலே அமர்ந்து சட்டம் எழுதினர். அதில், மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம் ஒன்றே நாட்டை ஆள வேண்டும் என்றனர். ஆர்மீனியராயினும் பிற இனத்தவராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், அங்கே பிறந்தவராயினும் வந்து சேர்ந்தவராயினும் சமத்துவமாகவும் தத்தம் தொழிலில் சுதந்திரமாகவும் வாழ வேண்டும் என்றனர். உயர் பதவிகள் தம் திருச்சபையைச் சேர்ந்தோருக்கே என்ற குறுகிய விதியும் அதில் இருந்தது. அக்குறையை மறைக்க வேண்டுவதில்லை. நாம் வியப்பது வேறொன்றை. வழிபாட்டு மொழியாகவும் வணிகக் கணக்கின் மொழியாகவும் இருந்த ஒரு மொழியை, ஆட்சிக்கும் நீதிக்கும் உரிய மொழியாக அவர்கள் எழுதிக் காட்டினர். ஆட்சி கைக்கு வந்த பின் சொற்களைத் தேடலாம் என்று காத்திருக்கவில்லை.

18 இதழ்கள்

1794ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னையில் ஓர் இதழ் வெளிவந்தது. 'அஸ்தரார்' என்பது அதன் பெயர். செய்தி அறிவிப்போன் என்று பொருள். உலகில் எந்த மூலையிலும் ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதலாவது பருவ இதழ் அதுவே. யாழ்ப்பாணத்தில் நம் 'உதயதாரகை' தோன்றுவதற்கு 47 ஆண்டுகள் முந்தியது. அதை நடத்தியவர் ஷீராஸ் நகரிலிருந்து வந்த ஹரூத்தியூன் ஷ்மாவோனியன் என்னும் மதகுரு. எழுத்தைக் கோப்பதிலிருந்து இதழை வாசகர் கையிற் சேர்ப்பது வரை அவர் சுமந்த பாரம் பெரிது.

அந்த இதழில் அவர் என்ன எழுதினார்? கப்பல் வரவு, சரக்கின் விலை, பிற நாட்டுச் செய்தி, வாசகர் கடிதம் ஆகியவற்றுக்கெல்லாம் அதில் இடம் இருந்தது. காலையில் கடை திறப்பவனுக்கு வேண்டிய செய்தியை அவன் மொழியிலேயே கொடுத்தார். ஆயினும் 1796ஆம் ஆண்டு மார்ச் மாதத்தோடு, 18 இதழ்களுடன் அது நின்றுபோயிற்று. சந்தாதாரர் மிகச் சிலரே. வணிகம் ஆங்கிலக் கம்பெனியாரின் கைக்கு முற்றாகப் போன பின்னர், சென்னையில் ஆர்மீனியக் குடும்பங்கள் குறைந்தன. பள்ளியும் அச்சகமும் கல்கத்தாவை நாடின. கல்கத்தாவில் 1821இல் தொடங்கிய ஆர்மீனியக் கல்லூரி இன்றும் நடைபெறுகிறது. சென்னையிலோ எஞ்சியவை கோயிலும் கல்லறையும் திரிந்த தெருப்பெயருமே.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். சென்னை ஆர்மீனியரிடம் பணம் இருந்தது, அச்சகம் இருந்தது, சட்டமறிந்த அறிவு இருந்தது. நிலம் இல்லை, அம்மொழியைப் பேசி ஏர் பிடிக்கும் உழவன் அங்கே இல்லை. வணிகம் பெயர்ந்ததும் மொழியும் பெயர்ந்தது. நிலத்தில் வேரூன்றாத கல்வி எத்துணை உயர்ந்ததாயினும் நெடுநாள் நில்லாது என்பதே அரண்மனைக்காரன் தெரு நமக்குச் சொல்லும் முதற் பாடம்.

அப்பத்தைப் பாடிய கவிஞன்

உழவர் இருந்த மண்ணில் நடந்ததையும் கேளுங்கள். துருக்கியப் பேரரசின் கீழிருந்த ஆர்மீனிய ஊர்களிலே உழவரும் கைவினைஞரும் இலட்சக்கணக்கில் வாழ்ந்தனர். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் இரவு, தலைநகராகிய கொன்ஸ்தாந்திநோப்பிளில், எழுத்தாளர், ஆசிரியர், வழக்கறிஞர், பத்திரிகையாளர் என இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கைது செய்தனர். அவர்களுட் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. பத்து இலட்சத்துக்கும் குறையாத மக்களைப் பலிகொண்ட இனப்படுகொலையின் பெயர் சொல்லும் நாளாக அது நிலைத்துவிட்டது. ஒரு மக்கட் கூட்டத்தை அழிக்க எண்ணியோர் முதலில் எழுத்தறிந்தோரைத் தேடிப் பிடித்தனர் என்பதை மறவாதீர்கள்.

அன்று பிடிபட்டவர்களுள் தானியேல் வாருஜான் என்னும் கவிஞரும் ஒருவர். வயது 31. அவர் எழுதிக்கொண்டிருந்த நூலின் பெயர் 'அப்பத்தின் பாடல்'. விதைப்பு, அறுவடை, மாவரைக்கும் ஆலை, வீட்டு அடுப்பு என உழவன் வாழ்வைப் பாடும் பாடல்கள். அவரோடு கையெழுத்துப் பிரதியும் பறிபோயிற்று. அவர் கொல்லப்பட்டார். பிரதியை, கைக்கூலி கொடுத்து மீட்டனர். முற்றுப்பெறாத நிலையிலேயே 1921இல் அச்சிட்டனர். ஆயிரமாயிரம் உயிர்கள் போன அந்த நேரத்திலும், பாடல்கள் எழுதிய சில தாள்களை மீட்பதற்கு ஒருவர் பணம் கொடுத்தார், ஆபத்தை ஏற்றார். இலக்கியத்தைப் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

அதே ஆண்டு உயிரிழந்தவர் கிரிகோர் சோஹ்ராப். வழக்கறிஞர்; பாராளுமன்ற உறுப்பினர்; சிறுகதை மன்னர். நீதிமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் துருக்கிய மொழியில் வாதாடினார். தம் மக்களுக்கு ஆர்மீனியத்தில் கதை எழுதினார். பிற மொழியறிவு தாய்மொழிப் பற்றுக்குப் பகையன்று என்பதற்கு அவரே சான்று. நம் பிள்ளைகள் சிங்களமும் ஆங்கிலமும் நன்கு கற்கட்டும். அவற்றைக் கற்றவன் தன் ஊரவனுக்குத் தமிழில் விளக்கிச் சொல்லட்டும். அதுவே கற்றதன் பயன்.

தப்பியோடி உலகெங்கும் சிதறியோர் என்ன செய்தனர்? சென்ற இடமெல்லாம் பள்ளி, பத்திரிகை, படிப்பகம், பொதுச் சொற்பொழிவு. அமெரிக்காவில் 1955இல் ஆர்மீனியர் சிலர் ஆராய்ச்சிச் சங்கம் ஒன்றை அமைத்து, சிறுகச் சிறுகப் பொருள் திரட்டி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தம் மொழிக்கு ஒரு பேராசிரியர் இருக்கை ஏற்படுத்தினர். அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு வேண்டிய 60 இலட்சம் டொலரை உலகத் தமிழர் திரட்டி முடித்தது 2018இல். மகிழ வேண்டிய செய்தியே. ஆனால் இருக்கைகள் மட்டும் மொழியைக் காக்குமா? சிதறியோர் பேசும் மேற்கு ஆர்மீனிய மொழியை அழியும் நிலையிலுள்ள மொழிகளின் பட்டியலில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 2010இல் சேர்த்தது. நிலம் போனால் மொழி எத்துணை விரைவில் மெலியும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் அசர்பைஜான் படையெடுப்பை அடுத்து, நகோர்னோ கராபாக் பகுதியிலிருந்து ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட ஆர்மீனியர் சில நாட்களில் ஊரை விட்டகன்றனர். மூட்டை முடிச்சுகளோடு வீதி நிறைந்து செல்லும் மக்கள் என்றால் என்ன என்பதை வன்னிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

நமது கையிலிருப்பது

இனி நம் நிலைக்கு வருவோம். நூல் எரிந்தால் என்ன நேரும் என்பதை 1981இல் யாழ்ப்பாண நூலகத்தின் 97,000 நூல்கள் சாம்பலானபோது கண்டோம். 2008, 2009ஆம் ஆண்டுகளின் போரில் வன்னி வீடுகளிலிருந்து போனவை யாவை? உறுதி, அனுமதிப் பத்திரம், பிறப்புப் பதிவு, படம், பாட்டுக் கொப்பி. உயிர் தப்பினால் போதும் என்றோடிய நேரத்தில் பெட்டியைத் தேடியவர் யார்?

ஆயினும் நம்மிடம் மூன்று செல்வங்கள் உண்டு. முதலாவது, நிலமும் அதை உழுவோரும். சென்னை ஆர்மீனியருக்கு வாய்க்காதது இதுவே.

இரண்டாவது, சட்டம். 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்றது. 1988இல் வந்த பதினாறாம் திருத்தத்தின்படி, வடக்கு கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழி தமிழ். பொதுப் பதிவேடுகளும் தமிழிலேயே பேணப்பட வேண்டும். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையைப் பார்க்க. இவ்வுரிமை மீறப்பட்டால் முறையிடுவதற்கு 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அரச கரும மொழிகள் ஆணைக்குழு உண்டு. ஏட்டிலே இவ்வளவும் இருந்தும், புரியாத கடிதம் வரும்போது, "இதனைத் தமிழில் தருக" என்று எழுதிக் கேட்போர் நூற்றில் எத்தனை பேர்? கேளாத உரிமை காலப்போக்கில் இல்லாத உரிமையாகிவிடும்.

செய்தி காலத்தில் எட்டாமையால் வரும் கேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு. பிறர் காணியைப் பத்தாண்டு தொடர்ந்து ஆண்டவன் அதற்கு உரிமை கோரலாம் என்பது காலவிதிப்புச் சட்டம். போரினால் ஊரை விட்டகன்று தம் காணிக்காக வழக்கிட இயலாதிருந்தோரைக் காக்க, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தைக் கணக்கில் எடாது விடச் செய்தது. ஆனால் அச்சலுகையைப் பெற இரண்டாண்டே அவகாசம். அச்செய்தி எத்தனை குளங்களின் கீழிருந்த கமக்காரரைக் காலத்தில் எட்டியது? வேறொன்று: 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளர் பெயர் குறிக்காது ஒருவர் இறந்தால் ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை என்றிருந்த விதியை 2022இல் மாற்றி, ஆண் பெண் வேறுபாட்டை நீக்கினர். இங்குள்ள தாய்மார்களே, உங்களுள் எத்தனை பேருக்கு இது தெரியும்? நாட்டு நடப்பு என்பது கொழும்பில் எந்த அமைச்சர் யாரோடு கூடினார் என்பது மட்டுமன்று. உங்கள் மகளின் காணியும் நாட்டு நடப்பே.

மூன்றாவது செல்வம் கிழவர் நாவிலிருக்கும் இலக்கியம். வேலப்பணிக்கன் ஒப்பாரி, குருவிப் பள்ளு, பன்றிப் பள்ளு முதலியவை வன்னி மண்ணின் சொத்து. இப்பிரதேசத்தைப் பற்றி விரிவான நூலொன்றை 1895இல் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில உத்தியோகத்தர் எழுதினார். அவருக்கு நன்றி உரியது. அவர் கேட்டறியாத பாட்டையும் கதையையும் எழுதி வைக்கும் கடமை நம்முடையது. பாடத் தெரிந்தவர் ஒருவர் மறைந்தால் படியெடுக்கப்படாத நூலொன்று எரிந்ததற்கு ஒப்பாகும்.

செய்ய வேண்டியவை

ஆகவே இத்தொடரை எவ்வாறு நடத்துவது? நாம் முன்வைக்கும் திட்டம் எளியது.

கூட்டம் மாதந்தோறும் போயா விடுமுறை நாளில், பிற்பகல் 2 மணிக்குத் தொடங்குக. உத்தியோகத்தர்க்கு அன்று ஓய்வு. யானை நடமாட்டம் தொடங்கும் முன் தொலைவிலிருந்து வந்தோர் வீடு சேரலாம். விதைப்பு, அறுவடை நாட்களிலும் தண்ணீர் முறை வரும் நாட்களிலும் தேதியை மாற்றுக.

சொற்பொழிவு ஒரு மணி நேரம். கேள்வி ஒரு மணி நேரம். பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே வான் கதவை எந்நாள் திறப்பது என்று கமக்காரர் கேட்கும் கேள்வியைப் போல இங்கும் கேட்க வேண்டும். அங்கே யாரும் நாணுவதில்லை. விளங்காததை விளங்கிற்று என்று சொல்வதுமில்லை. நீர்ப்பங்கீட்டைத் தமிழில் வாதாடித் தீர்க்கத் தெரிந்தவனுக்குச் சட்டத்தைத் தமிழில் விளங்கிக்கொள்ளும் ஆற்றல் இல்லையென்று எவர் சொல்வார்?

அதன்பின் பயிற்சி வகுப்பு. முதல் மாதம், அலுவலகத்துக்குத் தமிழிற் கடிதம் எழுதிப் பதில் பெறுதல். இரண்டாம் மாதம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதுதல். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது அச்சட்டம். மூன்றாம் மாதம், காணிப் பத்திரங்களைப் படித்தலும் பேணலும். நான்காம் மாதம், மூத்தோர் பாடக் கேட்டு இளைஞர் எழுதுதல். படித்தவர் சொற்பொழிவாளர், உழவர் கேட்போர் என்னும் பிரிவு இங்கே வேண்டாம். சட்டத்தை வழக்கறிஞர் சொல்லட்டும், நெல்லின் நோயையும் குளத்தின் வரலாற்றையும் கமக்காரர் சொல்லட்டும், வைத்தியர் குறிப்பெடுக்கட்டும்.

இறுதியாக, ஒவ்வொரு கூட்டத்தின் நடவடிக்கையும் இரு பக்கத்தில் எழுதி, படியெடுத்து, மூன்று வேறு ஊர்களில் மூன்று வீடுகளில் வைக்கப்படல் வேண்டும். ஓரிடத்தில் வைத்ததை இழந்தவர் நாம்.

அன்பர்களே! 18 இதழ்களோடு நின்ற பத்திரிகையை, 230 ஆண்டுகள் கழிந்து, அதன் மொழியில் ஒரு சொல்லும் அறியாத நாம் கிளிநொச்சியில் பேசுகிறோம். அவ்வாறு பேச முடிவது ஒருவர் எழுதினார், மற்றொருவர் அச்சிட்டார், வேறொருவர் பாதுகாத்தார் என்பதனாலேயே. நமது பேரப்பிள்ளைகள் நம்மைப் பற்றிப் பேச வேண்டுமாயின் நாமும் எழுதிவைக்க வேண்டும். வாயிலருகே மேசையில் கொப்பி ஒன்று இருக்கிறது. வெளியே செல்லும்போது, அடுத்த மாதம் வகுப்பில் எந்தக் கடிதத்துக்கு, எந்தப் பத்திரத்துக்கு விளக்கம் வேண்டும் என்பதை அதில் எழுதிச் செல்லுங்கள். எழுதத் தெரியாதவர் அருகிலிருப்பவரிடம் சொல்லி எழுதுவியுங்கள். நமது முதலாவது வகுப்பு அந்தக் கொப்பியிலிருந்தே தொடங்கும்.